பாரிமுனையில் ஒரு கிரேக்கக் கோயில்



போன இதழில் நம் மொட்டை மாடி நீர்க்கசிவு வேலையின் வரவு செலவை எழுதியிருந்தேன். படித்துவிட்டு லிஃப்டில் பார்த்த இரண்டு மூன்று பேர், "சார், கணக்கெல்லாம் சரி, அடுத்த தடவை கொஞ்சம் பழைய மெட்ராஸ் கதை எழுதுங்களேன்" என்றார்கள். எழுதுகிறேன். ஆனால் முப்பத்தேழு வருஷம் வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவன் சொல்லும் கதை இது. நடுநடுவே கணக்கு வரத்தான் செய்யும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உங்களில் பலர் வக்கீலைப் பார்க்கவோ, கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்கவோ, பத்திரிகை அச்சடிக்கவோ பாரிமுனைப் பக்கம் போயிருப்பீர்கள். ஹைகோர்ட்டின் சிவப்புச் சுவரை ஒட்டி என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் நடக்கும்போது எதிர்ச்சாரியில் என்ன தெரியும்? பெல்ட், பர்ஸ், குடை, பனியன் என்று நடைபாதைக் கடைகள்தான் தெரியும். அந்தத் தார்ப்பாய்களுக்கு மேலே பார்வையைக் கொஞ்சம் உயர்த்தினால் உயரமான தூண்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். அந்தத் தெருவுக்குச் சம்பந்தமே இல்லாத தூண்கள். அதுதான் பச்சையப்பன் மண்டபம். பள்ளிக்கூடம் நடத்துவதற்கென்று கட்டி 1850இல் திறந்தார்கள். எதிரே இருக்கும் ஹைகோர்ட் கட்டடம் திறந்தது 1892இல். ஆக, கோர்ட்டைவிட 42 வயது மூத்த கட்டடம் இது.

நான் 1981இல் வேலைக்குச் சேர்ந்தது பிராட்வே பக்கத்தில் ஒரு கிளையில். தினமும் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்து போவேன். சாப்பாட்டு நேரத்தில் டீ குடிக்க அந்த வழியாகவே திரும்ப நடப்பேன். இப்படி ஆறு வருஷம். உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கட்டடத்தை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. தூண்கள் கண்ணில் பட்டிருக்கும். கோர்ட்டைச் சேர்ந்த ஏதோ பழைய ஆபீஸ் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறேன். பி.காம். படித்தவனுக்கு வரலாறு எதற்கு என்ற நினைப்பு வேறு.

கிளையில் என்னை 'டெத் கிளெய்ம்' மேஜைக்குப் போட்டார்கள். கணக்கு வைத்திருந்தவர் இறந்துபோனால் அவருடைய பணத்தை வாரிசுகளுக்குக் கொடுக்கும் வேலை. நாமினி பெயர் எழுதியிருந்தால் சுலபமாக முடியும். இல்லையென்றால் வாரிசுச் சான்றிதழ், உறுதிமொழிப் பத்திரம், ஜாமீன்தாரர் என்று பைல் பெருத்துக்கொண்டே போகும். அண்ணன் தம்பி கையெழுத்துப் போட மறுத்தால் பல வருஷம் அப்படியே கிடக்கும். ஒரு நாள் அப்படி ஒரு பைலை வைத்துக்கொண்டு நான் புலம்பியபோது எங்கள் ஹெட் கிளார்க் சிரித்தார். "இதுக்கே இப்படிச் சலிச்சுக்கிறியே தம்பி. கோர்ட்டுக்கு எதிர்ல தூண் வச்ச கட்டடம் நிக்குதே, அது மொத்தமும் ஒரு டெத் கிளெய்ம்தான். செட்டில் ஆக நாற்பது வருஷத்துக்கு மேல ஆச்சு" என்றார். அன்று சாயங்காலம்தான் முதல்முறையாக நின்று பார்த்தேன்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது பின்னால் படித்தபோது புரிந்தது.

பச்சையப்ப முதலியார் 1754இல் பெரியபாளையத்தில் பிறந்தவர். பிறப்பதற்கு முன்பே தகப்பனார் போய்விட்டார். தாயார் பிள்ளைகளோடு சென்னைக்கு வந்து, நாராயண பிள்ளை என்ற துபாஷின் ஆதரவில் இருந்தார். துபாஷ் என்றால் இரண்டு மொழி தெரிந்தவர் என்று பொருள். கம்பெனி வெள்ளைக்காரர்களுக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் நடுவில் நின்று பேசி, வாங்கி, விற்று, கடன் ஏற்பாடு செய்து கொடுப்பவர். இன்றைய கணக்கில் மொழிபெயர்ப்பாளர், தரகர், காசாளர், மேலாளர் நான்கும் ஒரே ஆள். பச்சையப்பரும் அந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டு சின்ன வயதிலேயே பெரும் பணம் சேர்த்தார். செங்கல்பட்டுப் பக்கத்து வரி வசூல் குத்தகையும் தஞ்சாவூர் அரசரோடு கொடுக்கல் வாங்கலும் அவருடைய வருமானத்தில் முக்கியமானவை. வரிக் குத்தகை என்பது உழுதவன் வயிற்றிலிருந்து வந்த பணமும்தான் என்பதை மறைப்பதற்கில்லை. சம்பாதித்ததைக் கோயில் திருப்பணிகளுக்கு அள்ளிக் கொடுத்தார். சிதம்பரம் கோயிலின் கிழக்குக் கோபுரத் திருப்பணியில் அவருக்குப் பங்கு உண்டு.

1794 மார்ச்சில் உடல்நிலை மோசமானபோது கும்பகோணத்தில் உயில் எழுதினார். அதே மாதக் கடைசியில் காலமானார். வயது நாற்பதுதான். இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த உயில் முக்கியமாகக் கோயில் தருமங்களுக்காக எழுதப்பட்டது. பூஜை, உற்சவம், அன்னதானம் போன்றவை. இங்கிலீஷ் பள்ளிக்கூடம் என்ற எண்ணம் அவர் மனதில் இருந்திருக்க வழியில்லை. அந்தக் காலத்தில் சென்னையில் அப்படி ஒரு பேச்சே பெரிதாக எழவில்லை.

பிறகு நடந்தது எந்த டெத் கிளெய்ம் மேஜையிலும் நடப்பதுதான். இரண்டு மனைவியர், உறவினர்கள், சொத்தை வைத்திருந்தவர்கள், அவர்களுடைய வாரிசுகள் என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். வழக்குமேல் வழக்கு. வழக்குப் போட்டவர்கள் இறந்து, அவர்கள் பிள்ளைகள் வழக்கைத் தொடர்ந்தார்கள். தருமத்துக்கென்று எழுதி வைத்த பணம் மட்டும் தருமத்துக்குப் போகவில்லை. கோயில் சுவாமி வந்து கவுண்டரில் நின்று கேட்க முடியாது அல்லவா? கேட்க ஆளில்லாத பணம் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இன்று பத்து வருஷம் யாரும் தொடாத டெபாசிட்டை ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்கு மாற்றிவிட வேண்டும் என்று விதி இருக்கிறது, 2014 முதல். எப்போது வந்து நிரூபித்தாலும் திரும்பக் கிடைக்கும். 1794இல் அப்படி எந்தக் காவலும் கிடையாது.

கடைசியில் கேட்டவர் ஒரு வெள்ளைக்கார வக்கீல். சென்னையில் அரசாங்கத்தின் அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன். தருமத்துக்கு எழுதிய சொத்தைக் காப்பது அரசாங்க வக்கீலின் பொறுப்பு என்பது ஆங்கிலச் சட்டத்தில் பழைய வழக்கம். அதன்படி வழக்கு நடந்து, 1832இல் அப்போதைய சுப்ரீம் கோர்ட் தருமத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சுப்ரீம் கோர்ட் என்றதும் டெல்லி என்று நினைக்க வேண்டாம். 1862இல் ஹைகோர்ட் வருவதற்கு முன் சென்னையிலேயே அந்தப் பெயரில் ஒரு நீதிமன்றம் இருந்தது.

இப்போது கணக்கு. கோயில் தருமங்களுக்கென்று ஒதுக்கப்பட்டது ஒரு லட்சம் வராகன். ஒரு வராகன் மூன்றரை ரூபாய். ஆக மூன்றரை லட்சம் ரூபாய். பல வருஷ வட்டி சேர்ந்து, அதற்கும் மேலே நாலு லட்சம் ரூபாய்க்கு மேல் மிஞ்சியிருந்தது. மூன்றரை லட்சம் ஏழரை, எட்டு லட்சம் ஆனது பெரிய வளர்ச்சியாகத் தோன்றும். நான் ஒரு மாலை கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். அசல் அதுதான் என்று வைத்துக்கொண்டால், நாற்பது வருஷத்தில் ஒரு மடங்குக்குச் சற்று அதிகமாக வளர்வதற்குக் கூட்டு வட்டி இரண்டு சதவீதமே போதும். கம்பெனிக் கடன் பத்திரமே அந்தக் காலத்தில் அதைவிட நிறையக் கொடுத்தது. வித்தியாசம் எங்கே போனது என்பதற்கு வவுச்சர் கிடையாது. வக்கீல் பீஸ், கோர்ட் செலவு, நடுவில் கை வைத்தவர்கள், அவரவர் ஊகத்துக்கு விட்டுவிடுகிறேன். என் பார்வையில், இவ்வளவு கைகள் மாறியும் இவ்வளவு மிஞ்சியதே அதிசயம்.

மிஞ்சிய நாலு லட்சத்தை என்ன செய்வது? தருமத்துக்கு வைத்த பணம் அதிகப்பட்டால், அதை வாரிசுகளுக்குத் திருப்பாமல் வேறொரு தருமத்துக்குத் திருப்ப நீதிமன்றத்துக்கு வழி உண்டு. அதைக் கல்விக்குத் திருப்பினார்கள். இதிலும் நார்ட்டனின் கை இருக்கிறது. சென்னையில் அரசாங்கம் 1841இல் தொடங்கிய உயர்நிலைப் பள்ளியை நடத்திய குழுவுக்கும் அவர்தான் தலைவர். அந்தப் பள்ளிதான் பின்னால் மாநிலக் கல்லூரி ஆனது. 1842 ஜனவரி 1ஆம் தேதி பச்சையப்பர் பெயரில் ஓர் ஆரம்பப் பள்ளி திறந்தது. ஏழை இந்துப் பிள்ளைகளுக்கு இலவசமாக ஆங்கிலமும் தமிழும் தெலுங்கும் சொல்லிக் கொடுப்பது நோக்கம். இடம் போபம்ஸ் பிராட்வே, இன்றைய பிரகாசம் சாலை. மிஷனரிகளும் அரசாங்கமும் இங்கிலீஷ் பள்ளி நடத்திய ஊரில், நம்மவர்கள் டிரஸ்டிகளாக இருந்து, நம்மவர் பணத்தில் நடத்திய பள்ளி. பிள்ளைகள் குவிந்தார்கள். சொந்தக் கட்டடம் தேவைப்பட்டது.

1846 அக்டோபரில் நார்ட்டனே அஸ்திவாரக் கல் வைத்தார். 1850 மார்ச்சில் கவர்னர் சர் ஹென்றி பாட்டிஞ்சர் திறந்து வைத்தார். மாதிரியாக எடுத்துக்கொண்டது கிரேக்க நாட்டில் ஏதென்ஸ் நகரத்தில் இருக்கும் தீசியஸ் கோயில். ஏசு பிறப்பதற்கு நானூறு வருஷத்துக்கு மேல் முந்தையது. இன்று அதை ஹெபேஸ்டஸ் கோயில் என்கிறார்கள். சிவன் கோயில்களுக்கு எழுதி வைத்த பணத்தின் மிச்சத்தில் கிரேக்கக் கடவுளின் கோயில் மாதிரி ஒரு பள்ளிக்கூடம்! பச்சையப்ப முதலியார் எழுந்து வந்து பார்த்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஆனால் அந்த இடத்தில் அது அன்று அவ்வளவு பொருந்தாததாக இருந்திருக்காது. அப்போது அந்தத் தெருவுக்கு சைனா பஜார் ரோடு என்று பெயர். எதிரே ஹைகோர்ட் கிடையாது. கோட்டையிலிருந்து பீரங்கி சுடும்போது நடுவில் மறைப்பு இருக்கக் கூடாது என்று வெட்டவெளியாக விட்டிருந்த எஸ்பிளனேட் மைதானம்தான். அந்த வெளியின் எல்லைக்கு நட்ட கல் தூண்களில் ஒன்று இன்றும் பாரி கட்டடத்து மூலையில் இருக்கிறது. அந்த வெளியில் 1844 முதல் ஒரு கலங்கரை விளக்கம் எரிந்துகொண்டிருந்தது. அதுவும் கிரேக்கத் தூண் வடிவம்தான். இன்றும் ஹைகோர்ட் வளாகத்துக்குள் நிற்கிறது, பார்த்திருப்பீர்கள். ஆக 1850இல் கோட்டையிலிருந்து பார்த்த ஒருவருக்கு மைதானத்தில் ஒரு கிரேக்கத் தூண், அதற்கு அப்பால் ஒரு கிரேக்கக் கோயில், பின்னால் கறுப்பர் நகரத்து வீடுகள் என்று தெரிந்திருக்கும். கட்டியவர்கள் தூரத்திலிருந்து பார்ப்பதற்காகவே அதைக் கட்டினார்கள். இன்று பத்தடி தூரத்தில் நின்றால்கூட அது தெரியவில்லை.

மண்டபம் பள்ளிக்கு மட்டுமல்லாமல் ஊருக்கும் பயன்பட்டது. 1880களில் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் விக்டோரியா பப்ளிக் ஹால் வரும்வரை, இந்தியர்கள் கூடிப் பேச ஊரில் இருந்த பெரிய இடங்களில் இது ஒன்று. பள்ளி பின்னால் கல்லூரியும் ஆனது. 1906இல் கும்பகோணத்திலிருந்து வந்து எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்த ஒரு பையன் கணக்கில் மட்டும் பிரமாதமாக எழுதி மற்ற பாடங்களில் தோற்றுப்போனான். அவன்தான் ராமானுஜன். முப்பதுகளில் காஞ்சிபுரத்திலிருந்து வந்து இங்கே பொருளாதாரம் படித்தவர் பின்னாளில் முதலமைச்சர் ஆனார். அண்ணாவைத்தான் சொல்கிறேன். 1940இல் கல்லூரி சேத்துப்பட்டுக்கு மாறியது. இன்று பச்சையப்பன் கல்லூரி என்றால் எல்லோரும் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருப்பதைத்தான் நினைக்கிறார்கள். கல்லூரி போன பிறகும் இங்கே பள்ளி தொடர்ந்தது.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். பழைய கட்டடங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுவது வழக்கம். பச்சையப்பன் நிறுவனங்கள் இந்துக்களுக்கு மட்டும் என்று 1947 வரை இருந்தன. இந்து என்று சொல்லிக்கொண்டாலும், ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகளுக்கும் நெடுங்காலம் அந்தக் கதவு திறக்கவில்லை. போராடித்தான் திறக்க வைத்தார்கள். அந்தத் தூண்களுக்குக் கீழே நின்று உள்ளே போக முடியாமல் திரும்பிய பையன்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அதற்காக அந்தக் கட்டடம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டையும் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும் என்கிறேன்.

இனி, நம் எல்லோருக்கும் பழக்கமான விஷயத்துக்கு வருகிறேன். மெயின்டனன்ஸ்.

நம் பிளாக்குகளுக்கு இருபத்தாறு வயது. அதற்குள் பால்கனி அடியில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறது என்று புகார் வராத மாதம் இல்லை. அந்தக் கட்டடத்துக்கு வயது 170க்கு மேல். எப்படி நிற்கிறது? சென்னையில் அந்தக் காலக் கட்டடங்கள் செங்கல்லும் சுண்ணாம்பும். சிமென்ட் கிடையாது, இரும்புக் கம்பி கிடையாது. கம்பி இல்லாததால் கம்பி துருப்பிடித்துக் காரை வெடிக்கும் வியாதியும் கிடையாது. கூரைக்குத் தேக்கு உத்தரம் போட்டு, அதன்மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவசமாக நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாள்கணக்கில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டிக் கெட்டிப்படுத்துவார்கள். 'மெட்ராஸ் டெரஸ்' என்று உலகத்துக்கே இதன் பெயர் தெரியும். சுவர்ப் பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பை ஊறவைத்து அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து, மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவும் கலந்து, கல்லால் தேய்த்துப் பளிங்கு மாதிரி ஆக்குவார்கள். நல்ல பூச்சில் முகம் தெரியும்.

சுண்ணாம்புச் சுவருக்கு ஒரு குணம். மழையில் ஈரம் குடிக்கும், வெயிலில் அதை வெளியே விட்டுவிடும். ஈரம் வந்தாலும் தங்காது. இதைத் தெரிந்துகொள்ளாமல், "பழைய பூச்சு உதிருது, கெட்டியா சிமென்ட் பூசு" என்று பூசினால் வந்தது வினை. சிமென்ட் பூச்சு ஈரத்தை வெளியே விடாது. உள்ளே மாட்டிக்கொண்ட ஈரத்தோடு உப்பும் சேர்ந்து, பூச்சுக்குப் பின்னால் செங்கல் மாவாகிப் போகும். வெளியே பார்த்தால் சுவர் புதுசு. ஒரு நாள் மொத்தமாகப் பெயர்ந்து விழும்போதுதான் தெரியும். அதன்மேல் பிளாஸ்டிக் பெயின்ட் வேறு அடித்தால் கேட்கவே வேண்டாம். நல்ல எண்ணத்தோடு செய்த ரிப்பேரே பல பழைய பள்ளிக்கூடங்களைக் கெடுத்திருக்கிறது. மழைநீர்க் குழாய் அடைப்பும், அந்த அடைப்பில் பறவை எச்சத்திலிருந்து முளைக்கும் அரசங்கன்றும்தான் அடுத்த எதிரிகள். கன்று விரல் தடிமன் இருக்கும்போது பிடுங்கினால் பத்து நிமிஷ வேலை. கை தடிமன் ஆகிவிட்டால் சுவரைப் பிரிக்க வேண்டும்.

சரி செய்ய முடியாதா என்றால் முடியும். சேப்பாக்கத்தில் ஆற்காடு நவாபின் கலஸ் மகாலில் 2012 ஜனவரியில் தீப்பிடித்தது நினைவிருக்கும். 1760களில் கட்டியது. கூரை எரிந்து விழுந்தபின், இடித்துவிடுவார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். பொதுப்பணித் துறை அதே சுண்ணாம்பு, அதே தேக்கு, அதே மெட்ராஸ் டெரஸ் முறையில் திரும்பக் கட்டியது. சுண்ணாம்பு அரைக்கவும் தேய்க்கவும் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். கூலி கொஞ்சம் அதிகம், நேரமும் அதிகம்.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். ஓரளவுக்கு. மவுண்ட் ரோட்டில் பழைய பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிப்பதை எதிர்த்து இன்டாக் அமைப்பு தொடர்ந்த வழக்கில் 2010இல் நம் ஹைகோர்ட் ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது. சென்னைக்கு ஒரு பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புக் குழு அமைக்கச் சொன்னது. 467 கட்டடங்கள், இடங்கள் கொண்ட ஒரு பட்டியலும் வெளிச்சத்துக்கு வந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பட்டியல் முதலில் தயாரானது விளம்பரப் பலகைகளுக்காக. எந்தக் கட்டடங்களை மறைத்து போர்டு வைக்கக் கூடாது என்று சொல்ல ஒரு ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் கமிட்டி போட்டபோது எழுதியது. ஏதோ ஒரு வழியாக நமக்கென்று ஒரு பட்டியல் கிடைத்தது, நல்லதுதான். ஆனால் பட்டியல் இடிப்பதைத் தடுக்கும். ஓட்டையை அடைக்காது. அரசங்கன்றைப் பிடுங்க ஆளை அனுப்பாது.

அதற்குப் பணம் வேண்டும். ஒரு தடவை கொடுக்கும் பணம் இல்லை, வருஷா வருஷம் வரும் பணம். இந்த இடத்தில்தான் எனக்கு பச்சையப்பர் விவகாரத்தில் உள்ள பெரிய பாடம் தெரிகிறது. கட்டடம் திறந்த அன்று கவர்னர் வந்தார், கூட்டம் வந்தது. அதை அதற்கப்புறமும் நிறுத்தி வைத்தது, அசலைத் தொடாமல் வட்டியில் காரியம் செய்ய வேண்டும் என்ற ஏற்பாடு. அசலைக் காக்க ஒரு டிரஸ்ட், டிரஸ்ட்டைக் கேள்வி கேட்க ஒரு கோர்ட். அதிலும் எத்தனையோ தகராறு வந்தது, வருகிறது. தகராறு வந்தாலும், கேட்பதற்கு ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது. பல ஊர்களில் நம் தாத்தா காலத்துப் பள்ளிக்கூடங்கள் இடிந்து போனதற்குக் காரணம் யாருக்கும் பாசம் இல்லாதது என்று நான் நம்பவில்லை. பாசம் இருந்தது. பழைய மாணவர்கள் சங்கம் இருந்தது, பொன்விழாவுக்கு மலர் போட்டார்கள். ஓடு மாற்ற வருஷத்துக்கு இவ்வளவு என்று எழுதி வைத்த தலைப்பு மட்டும் இல்லை.

இதைச் சொல்லும்போது நம் வீட்டு விஷயமும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நம் கார்பஸ் ஃபண்டிலிருந்து முன்பு ஒரு தடவை வெளிப் பெயின்டிங்குக்கு எடுத்தோம். "அடுத்த வருஷம் திருப்பிப் போட்டுவிடலாம்" என்று கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கினோம். நானும் தூக்கினேன். இன்றுவரை முழுதாகத் திருப்பவில்லை. மொட்டை மாடி ஒழுகியபோது கையில் பணம் இல்லாமல் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்தோமே, அதற்குக் காரணம் அந்தக் கை தூக்கல்தான். போன இதழில் செலவைத்தான் எழுதினேன், இதை எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். கடைசி மாடியில் இருக்கும் அந்த மூத்த தம்பதி இரண்டு மழைக்காலம் படுக்கையறையில் வாளி வைத்துக்கொண்டு இருந்தார்கள். வருகிற பொதுக்குழுவில், கார்பஸ் அசலைத் தொடுவதற்கு முக்கால் பங்கு உறுப்பினர் சம்மதம் வேண்டும் என்று விதியைத் திருத்தும் தீர்மானம் ஒன்று கொடுத்திருக்கிறேன். வந்து வாதாடுங்கள், எதிர்த்தாலும் சரி.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. 1987இல் எனக்கு வேறு கிளைக்கு மாற்றல் வந்தது. கடைசி நாள் ஹெட் கிளார்க் என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போனார். தூண்களைக் காட்டி, "அந்தக் காலத்துல என் தகப்பனார் அங்கேதான் படிச்சார். ஃபீஸ் கட்ட வழி இல்லாத குடும்பம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆறு வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், முதல்முறையாக அன்றுதான் அதைச் சொன்னார். அவர் போய் இருபது வருஷம் ஆகிறது. அவருக்கு எழுத வராது, எனக்கும் அவ்வளவாக வராது. இருந்தாலும் இந்தக் கட்டுரையை அவருக்காகத்தான் எழுதினேன்.

அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு காலை ஆறரை மணிக்கு நான் அங்கே போகிறேன். ஞாயிறு காலையில் கடைகள் போட்டிருக்க மாட்டார்கள், தூண்களை அடியிலிருந்து பார்க்கலாம். மெட்ரோவில் ஹைகோர்ட் ஸ்டேஷனில் இறங்கினால் சில நிமிஷ நடை. முதல் ரயில் நேரத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். உள்ளே போக முடியாது, சாலையில் நின்று பார்ப்பதுதான். பிறகு பாரிமுனை எல்லைக்கல், வெளியிலிருந்து பழைய கலங்கரை விளக்கம், அப்புறம் பிராட்வேயில் டிபன். பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள். வருகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் செக்யூரிட்டி மேஜையில் இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிடுங்கள். டிபன் செலவு அவரவருடையது.